மேட்டைத் தேடும் கண்

லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. இறங்கிய டிரைவர் அண்ணன் என் புல்லட்டைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்டிவிட்டு, "சார், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரு மேடு இருக்கு பாருங்க, வண்டிய அங்க கொண்டாந்துருங்க" என்றார்.

திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு வீடு மாறிக்கொண்டிருந்தோம். பீரோ, கட்டில், பாத்திர மூட்டையெல்லாம் காலையிலேயே பெரிய வண்டியில் போய்விட்டன. மிச்சமிருந்தது புல்லட் மட்டும். வாசலிலேயே பலகை போட்டு நாலு பேர் தள்ளினால் ஏறிவிடுமே, எதற்கு மேடு என்று நினைத்தேன். அவர் தன் வண்டியின் பின்சக்கரங்கள் மேட்டடியில் இருந்த பள்ளத்தில் இறங்கும்படி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். இடுப்புயரத்தில் இருந்த தளம் சட்டென்று முழங்காலுக்குச் சற்று மேலே வந்துவிட்டது. பலகையின் அடி மேட்டில், நுனி தளத்தில். இரண்டே பேர் தள்ளினோம், புல்லட் மேலே போய்விட்டது. அவர் கண்ணாலேயே போட்ட கணக்கைப் பிறகு நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ராயல் என்ஃபீல்டு எந்த மாடலாக இருந்தாலும் நம் ஊரில் அது புல்லட்தான். என்னுடையது கிளாசிக் 350. எடை 195 கிலோ. வந்து நின்ற லோடு ஆட்டோ டாடா ஏஸ். 2005இல் சந்தைக்கு வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய அந்த வண்டி முக்கால் டன் அளவுக்குச் சுமக்கும். எடையைப் பொறுத்தவரை அதற்கு என் புல்லட் ஒரு பொருட்டே இல்லை. தளத்தின் நீளம் ஏறக்குறைய 220 செ.மீ., புல்லட்டின் நீளம் சுமார் 215. கச்சிதமாக அடங்கும். சிக்கல் வண்டி மேலே போய்ச் சேர்ந்த பிறகு இல்லை, அதற்கு முந்தைய அந்த இரண்டு மீட்டரில்தான் இருக்கிறது.

தளம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,430 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை, அதாவது 150 மில்லியை, இரண்டே கால் டிகிரி சூடாக்கும் ஆற்றல், அவ்வளவுதான். அடுப்பில் வைத்த தண்ணீர் வெதுவெதுப்பாகும் முன்பே கடந்துபோகும் அளவு இது. ஆற்றல் நமக்குப் பஞ்சமில்லை. ஒரே நொடியில் 195 கிலோவைத் தாங்கும் விசைதான் நம் கையில் இல்லை. சாய்தளம் செய்யும் உதவி இதுதான்: வேலையைக் குறைப்பதில்லை, நீளமான தூரத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது.

பலகை எத்தனை அடி நீளம் என்பதைப் பொறுத்துத் தள்ளவேண்டிய விசை மாறும். 75 செ.மீ. உயரத்துக்கு நாலடிப் பலகை போட்டால், உராய்வை விட்டுவிட்டாலும், 120 கிலோ எடையைத் தூக்குகிற அளவு தள்ள வேண்டும். ஆறடி என்றால் 80. எட்டடி என்றால் 60. பத்தடி என்றால் 48. இப்போது டிரைவர் அண்ணனின் மேட்டுக்கு வாருங்கள். பள்ளம் ஒரு சாண், மேடு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து 75ஐ 40 ஆக்கிவிட்டன. அதே எட்டடிப் பலகையில் விசை 33 கிலோவுக்குக் கீழே போய்விட்டது. பலகையை நீட்டுவதைவிடத் தரையை உயர்த்துவது மலிவு. மண்டியில் மூட்டை ஏற்றுபவர்களும், இரண்டு கட்டைகளைச் சாய்த்துத் தார் டிரம்மை லாரியில் உருட்டுபவர்களும் எந்தப் புத்தகமும் படிக்காமலே இதை அறிவார்கள்.

புத்தகத்தில் எழுதியவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் சைமன் ஸ்டெவின். டச்சு மொழியில் எழுதிய கணிதர். 1586இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு படம் உண்டு. ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் சரிந்திருக்கும் முக்கோணம். அதன்மேல் மாலைபோலத் தொங்கும் குண்டுகளின் சங்கிலி. நீளமான சரிவில் அதிகக் குண்டுகள், குட்டைச் சரிவில் குறைந்த குண்டுகள். ஆனாலும் மாலை எந்தப் பக்கமும் சுழலாது. சுழன்றால் அது நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும், அப்படி ஒன்று உலகில் நடக்காது. ஆகவே நீளமான சரிவில் உள்ள அதிக எடையும் குட்டைச் சரிவில் உள்ள குறைந்த எடையும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. ஒரு சமன்பாடுகூட இல்லாமல் சாய்தளத்தின் விதியை இப்படி நிறுவியவரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நீளமான பலகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலர் அதை அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். முன்சக்கரம் தளத்தில் ஏறிவிட்டது, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கிறது. அந்த நேரத்தில் தளத்தின் விளிம்பு வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே முதுகெலும்புபோலத் துருத்தி நிற்கும். என் வண்டியின் இரு சக்கர மையங்களுக்கு இடையே 139 செ.மீ., தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 17 செ.மீ. நாலடிப் பலகை போட்டால் விளிம்பு ஏறக்குறைய 22 செ.மீ. உள்ளே நுழைய வேண்டும். இருப்பதோ 17தான். வண்டி நடுவில் உட்கார்ந்துவிடும், இரண்டு சக்கரமும் பிடிப்பை இழக்கும், சைலன்சர் நசுங்கும். ஆறடியில் 14 செ.மீ., தப்பித்துவிடலாம். எட்டடியில் 11, நிம்மதி. ஆறடிக்குக் குறைந்த பலகையோடு யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மேலே போகும் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்? தள்ளுபவர் கை தானாகவே முன்பிரேக்கைப் பிடிக்கும். ஆனால் வண்டி பின்னோக்கி வழுக்கத் தொடங்கும், பிரேக் பிடித்தபடியே வழுக்கும். பிரேக் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. எட்டடிப் பலகையின் சாய்வு சுமார் 18 பாகை. அந்தச் சாய்வில் வண்டியின் பாரம் பின்னே நகர்ந்துவிடுகிறது. நான் போட்ட தோராயக் கணக்கில் முன்சக்கரம் பலகையை அழுத்துவது 65 கிலோ, பின்சக்கரம் 120. வண்டியை நிறுத்தி வைக்கத் தேவையான பிடியோ 60 கிலோ. 65 கிலோ மட்டும் அழுத்தும் ஒரு டயரால் தூசி படிந்த பலகையில் 60 கிலோ பிடி தர முடியாது. 120 கிலோ அழுத்தும் பின்டயரால் முடியும்.

ஆனால் பின்பிரேக் மிதி வண்டியின் வலப்பக்கம் காலடியில் இருக்கிறது. இடப்பக்கம் நடந்து தள்ளுபவருக்கு அது எட்டாது. இங்கேதான் அனுபவசாலிகள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை முதல் கியரில் போடுவார்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டே தள்ளுவார்கள். நிறுத்த வேண்டுமா, கிளட்சை விட்டால் போதும். அணைந்த எஞ்சினின் அழுத்தம் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். இடது கையில் இருப்பது கிளட்ச்தான், ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு அதுதான் பின்பிரேக். இறக்கும்போது இது இன்னும் அவசியம். வண்டியைப் பின்புறமாகவே இறக்குவோம், முழு எடையும் கீழே ஓடத் துடிக்கும்.

எஞ்சினைப் போட்டு ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். முன்சக்கரம் தளத்தைத் தொடும் இடத்தில் எஞ்சின் நின்றுபோனால் ஓட்டுபவர் பழக்கத்தில் காலை ஊன்றப் பார்ப்பார். கால் தேடும் தரை முக்கால் மீட்டர் கீழே இருக்கிறது. இன்னொன்று, ஆக்சிலரேட்டரைத் திருகும் கணத்தில் பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளுவதற்காகப் பலகையைப் பின்னே உதைக்கிறது. பலகையின் நுனி தளத்தோடு கட்டப்படாமல் இருந்தால் அது நழுவி விழும், மேலே இருப்பவரோடு. எப்படி ஏற்றினாலும் பலகையைக் கட்டிவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும்.

பக்கவாட்டுச் சாய்வு தனிக் கதை. புல்லட் நேராக நிற்கும்போது ஒரு விரலால் பிடித்து நிறுத்திவிடலாம். சாயச் சாய அதன் எடை எங்கிருந்தோ முளைத்து வருவதுபோல இருக்கும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 5 பாகை சாய்ந்த வண்டியை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்த 9 கிலோ விசை போதும். 15 பாகைக்கு 28. 30 பாகைக்கு 54. முதல் ஐந்து பாகைக்குள் பிடித்தவர் பிடித்தார். அதற்குப்பின் பிடிக்கப் போவது வண்டியைக் காப்பாற்றாது, முதுகைத்தான் உடைக்கும். பலகையில் ஏற்றும்போது ஆபத்து கூடுவது ஏன் என்றால், வண்டி உயர்கிறது, தள்ளுபவர் தரையிலேயே நிற்கிறார். இடுப்புக்கு நேராக இருந்த ஹேண்டில்பார் தலைக்கு நேராகப் போய்விடுகிறது. அங்கே கை நீட்டிப் பிடிப்பவரிடம் 9 கிலோ விசையும் இருக்காது. நடப்பவருக்கும் ஒரு பலகை வேண்டும். அது இல்லையென்றால் ஹாலோ பிளாக் கல்லையாவது படிபோல அடுக்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி ஏறிவிட்டது. இனி கட்டுவது. நெடுஞ்சாலையில் நான் பார்க்கும் பத்து லோடு ஆட்டோவில் பாதிக்கு மேல் பைக்கை சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி நைலான் கயிற்றால் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது பதைக்கிறது. சைடு ஸ்டாண்டு, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கச் செய்த ஒற்றைக் கம்பி. கயிற்றை இறுக்கும் விசையும் ஒவ்வொரு குழியின் இடியும் அந்த ஒரு புள்ளியில் போய் இறங்கினால் கம்பி வளையும், அல்லது அதைப் பிடித்திருக்கும் ஃபிரேம் காது பிய்யும். சென்டர் ஸ்டாண்டும் சரியில்லை. அதில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். பிரேக் அடித்தால் நிலைமத்தால் வண்டி முன்னே நகரும், ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும். வண்டி அதன் இரண்டு டயர்களின் மீதே, நேராக, ஸ்டாண்டு மடக்கிய நிலையில் நிற்க வேண்டும். முன்சக்கரம் தளத்தின் முன்சுவரில் முட்டி நிற்கட்டும். அடுத்த வேலை கயிற்றினுடையது.

கயிறு என்ன செய்கிறது என்று கேட்டால், வண்டி விழாமல் பிடித்துக்கொள்கிறது என்போம். அது பாதி உண்மை. வண்டிக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது. முன்னே ஃபோர்க், பின்னே ஷாக் அப்சார்பர். ஓடும்போது குழிகளை விழுங்குவதற்காக வைத்த அந்த ஸ்பிரிங்குகள், சுமையாகப் போகும்போது எதிரியாகிவிடுகின்றன. தளர்வாகக் கட்டிய வண்டியைக் கற்பனை செய்யுங்கள். லோடு ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. தளம் மேலே வர, புல்லட் நிலைமத்தால் கீழே அமுங்குகிறது. ஃபோர்க் சுருங்க, ஹேண்டில்பார் இறங்க, கயிறு தொய்கிறது. தொய்ந்த அந்தக் கணத்தில் கொக்கி வளையத்திலிருந்து கழன்றுகொள்கிறது. வண்டி மீண்டும் எழும்போது பிடிக்க ஒன்றுமில்லை. இப்படி விழுந்த வண்டிகளில் கயிறு அறுந்திருக்காது, முழுசாகவே கிடக்கும்.

இதற்கு மருந்து முன்னிறுக்கம். கயிற்றை இறுக்கி ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கி வைத்துவிட வேண்டும். கிளாசிக் 350இன் ஃபோர்க் 13 செ.மீ. வரை அமுங்கும், அதில் நான்கைந்து செ.மீ. போதும். இப்போது ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது, கயிறு கீழே இழுக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி நிற்கின்றன. கயிறு 100 கிலோ விசையில் வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால், குழியின் குலுக்கல் அந்த 100ஐத் தாண்டும்வரை ஃபோர்க் அசையாது. 60 கிலோ குலுக்கல் வந்தால் கயிற்றின் இழுவிசை 40ஆகக் குறையும், அவ்வளவே, தொய்யாது. வெறும் 10 கிலோவில் கட்டியிருந்தால் கயிற்றைத் தொய்யவைக்கத் தேவையானதைப்போல ஆறு மடங்கு விசை அதே குலுக்கலில் வந்துபோகிறது. வண்டியும் லோடு ஆட்டோவும் இரண்டு பொருள்களாக இல்லாமல் ஒன்றாகிவிடுவது இந்த இறுக்கத்தால்தான்.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. நாங்கள் கயிறாகப் பயன்படுத்திய ராட்செட் பெல்ட்டின் கைப்பிடி ஒரு நெம்புகோல். நம் கை விசையைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். ஃபோர்க் அடிவரை அமுங்கியது தெரியாமலே இறுக்கிக்கொண்டு போவோம். அடிவரை போன ஸ்பிரிங், ஸ்பிரிங் அல்ல, இரும்புத் தடி. அதன்பின் வரும் ஒவ்வொரு இடியும் நேராக ஹேண்டில்பாரின் கோன்செட் பேரிங்குக்கும் ரிம்முக்கும் போகும்.

எங்கே கட்டுவது? கைக்கு எட்டுவது ஹேண்டில்பார் என்பதால் எல்லோரும் அதன் இரு நுனிகளில் மாட்டுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் மாட்டப் போனேன். "அங்க வேணாம் சார், உள்ளாற போடுங்க" என்று டிரைவர் தடுத்தார். குட்டி யானையின் தளம் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். வண்டி நடுவில் நின்றால் இரு பக்கமும் முக்கால் மீட்டர். ஹேண்டில்பாரின் நுனியோ நடுவிலிருந்து 39 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கும் கயிறு ஏறக்குறைய செங்குத்தாகப் போகும். செங்குத்துக் கயிறு வண்டியை அமுக்கும், ஆனால் பக்கவாட்டில் பிடிக்காது. அதன் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் சாய்வைத் தடுக்கப் பயன்படும். இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தகடு தளத்திலிருந்து முக்கால் மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தளத்தின் ஓரக் கொக்கிக்குக் கயிறு போட்டால், உயரமும் முக்கால், அகலமும் முக்கால், தானாகவே 45 பாகை அமைந்துவிடுகிறது. அமுக்குவதற்கும் பிடிப்பதற்கும் சம அளவில் விசை பிரியும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு, நான்கு திசைக்கும் நான்கு. பெயிண்ட் உராயும் இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்ற மறக்கக் கூடாது.

இந்தக் கட்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தரவிதி ஒன்று, இஎன் 12195-1, கணக்கு வைத்திருக்கிறது. பிரேக் அடிக்கும்போது முன்னோக்கிச் சுமையின் எடையில் 80 சதவீதம், வளைவில் பக்கவாட்டிலும் வேகமெடுக்கையில் பின்னோக்கியும் 50 சதவீதம். என் புல்லட்டுக்கு அது முன்னே 156 கிலோ, பக்கத்தில் 97.5. முன்சுவர் முன்விசையை வாங்கிக்கொள்ளும், பக்கவிசையை வாங்கக் கயிறு மட்டுமே இருக்கிறது. நைலான் கயிறு பலமானதுதான், ஆனால் பாரத்தில் நன்றாக நீளும், நனைந்தால் இன்னும் தளரும். பாலியெஸ்டர் பெல்ட் அவ்வளவு நீளாது. முன்னிறுக்கம் நிலைக்க வேண்டிய இடத்தில் நீளும் கயிறு உதவாது.

நம் லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றிலேயே ஒரு வளையம் போட்டு, நுனியைக் கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து, வளையத்துக்குள் விட்டுக் கீழே இழுப்பார்களே, அது கயிற்றாலேயே செய்த கப்பி. உராய்வு இல்லாவிட்டால் இழுப்பதைப்போல மூன்று மடங்கு இறுக்கும். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆனாலும் கை இழுப்பைவிட மேல். பெல்ட் கிடைக்காத ஊரில் அந்த முடிச்சு தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய காரியம்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னே இழுக்கும் டிரெய்லர்தான் அதிகம். அங்கே வண்டியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுமை டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒரு சிறு பக்கக் காற்றில் தொடங்கும் ஆட்டம் வேகத்தில் பெருகிப் பெருகிக் காரையே புரட்டிவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்கும்படி சுமையை முன்தள்ளி வைக்கச் சொல்வது அமெரிக்க வழக்கம்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயிலில் பைக்கை பார்சல் போட்டவர்களுக்குத் தெரியும், டேங்க்கைக் காலி செய்யாமல் வாங்க மாட்டார்கள். எழும்பூர் பிளாட்பாரத்தில் சாக்குக்குள் சுருண்டு நிற்கும் வண்டிகள் எல்லாம் வறண்ட டேங்க்கோடு நிற்பவை. காரணம் வலுவானது. பெட்ரோல், பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும்போதுகூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடிய வேனில் மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். திறந்த லோடு ஆட்டோவில் அந்த அச்சம் குறைவு, என்றாலும் டேங்க் முட்ட நிரப்பக் கூடாது. 13 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடானால் கால் லிட்டர் விரியும். அது எங்கே போகும்? கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு 1955இலிருந்து சென்னையோடு பிணைந்த பெயர். திருவொற்றியூரில் தொடங்கி இன்று ஒரகடம், வல்லம் வடகால்வரை அதன் ஆலைகள் விரிந்திருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது நீளமான கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வண்டியும் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடும் முன்பே சுமையாகப் பயணம் செய்துவிடுகிறது.

குளித்தலை தாண்டியதும் டீக்கடையில் நிறுத்தினோம். டிரைவர் அண்ணன் டீயைக் கையில் வாங்கும் முன்பே பின்னால் போய் நான்கு பெல்ட்டையும் விரலால் சுண்டிப் பார்த்தார். மூன்று கிண்ணென்றன. வலப்பக்க முன்பெல்ட் மட்டும் மந்தமாக முனகியது. டயர் தளத்தில் படிந்து அமர, பெல்ட்டுகள் தங்களைச் சரிசெய்துகொள்ள, முதல் சில கிலோமீட்டரில் எல்லாக் கட்டும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். இரண்டு பல் இறுக்கினார். கரூரிலும் ஒருமுறை பார்த்தார், அங்கே எதுவும் தளரவில்லை.

கோவையில் இறக்கும்போது அவசரத்தில் இடப்பக்க பெல்ட்டை அவிழ்க்கக் கை வைத்தேன். "சார், இருங்க, அது இல்ல. மொதல்ல ஸ்டாண்ட போடுங்க, அப்புறம் வலது" என்று கையைப் பிடித்துவிட்டார். யோசித்தால் புரிந்தது. சைடு ஸ்டாண்டு இருப்பது இடப்பக்கம். வலது பெல்ட் அவிழ்ந்தால் மிச்சமிருக்கும் இடது பெல்ட் வண்டியை ஸ்டாண்டின் மீது சாய்க்கும். இடதை அவிழ்த்திருந்தால் வலது பெல்ட் அதை ஸ்டாண்டே இல்லாத பக்கம் இழுத்துச் சாய்த்திருக்கும். ஸ்டாண்டைப் போட்டேன், வலதை அவிழ்த்தேன். ஃபோர்க் மெல்ல எழும்பியது, புல்லட் இடப்பக்கம் சாய்ந்து ஸ்டாண்டில் அமர்ந்தது. அதற்குள் அவர் இறக்குவதற்கு மேடு எங்கே இருக்கிறதென்று புதுத் தெருவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.